மிதவாதி என்று யாருக்குக் காட்டுவது?



மாகாண சபைத் தேர்தல் பற்றிய கதை எழும்போதெல்லாம், "எங்களுக்கு மிதவாதி ஒருவர்தான் வேணும்" என்ற பேச்சும் ஊரில் கூடவே வருகிறது. திருக்கேதீஸ்வரப் பக்கம் படிப்பிக்கும் முஸ்லிம் ஆசிரியர்களான நாங்களும் இதை அடிக்கடி கதைப்பதுண்டு. மிதவாதி என்றால் யார்? இதற்கு 2013 ஆம் ஆண்டுத் தேர்தலை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நல்லது.

அந்த வருடம் செப்டெம்பர் 21 இல் வட மாகாண சபைக்கு முதல் தேர்தல் நடந்தது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பில் மாவை சேனாதிராஜாவின் பெயரும் அடிபட்டது. ஆனால் சம்பந்தன் ஐயா ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதியரசர் சி.வி.விக்னேஸ்வரனையே முதலமைச்சர் வேட்பாளராகக் கொண்டுவந்தார். கொழும்பில் வாழ்ந்தவர், ஆயுத இயக்கம் எதிலும் இருக்காதவர். அப்போது அரசாங்கத்தில் அமைச்சராக இருந்த வாசுதேவ நாணயக்கார அவருக்குச் சம்பந்தி. தெற்கு பயப்படாத முகம் அது.

ஆனால் வாக்குப் போடுவது தெற்கு இல்லையே. கொழும்பில் இருந்து வந்தவருக்கு எங்கள் வலி விளங்குமா என்ற கேள்வி வடக்கில் இருந்தது. பிரசாரத்தின்போது வல்வெட்டித்துறையில் பேசிய அவர், பிரபாகரனை வீரன் என்றார். வெள்ளைக்காரன் துரோகி என்று கொன்ற கெப்பெட்டிபொலவைப் பிறகு நாடே வீரனாகக் கொண்டாடவில்லையா என்று ஒப்பிட்டார். தெற்கில் பெரிய கொதிப்பு. வடக்கில் அவருக்கு 132,255 விருப்பு வாக்குகள். கூட்டமைப்புக்கு 38 இல் 30 ஆசனங்கள்.

வென்ற பிறகு ஒக்டோபர் 7 இல் ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷ முன்னிலையில் சத்தியப்பிரமாணம் செய்தார். இந்த முறை கோபம் சொந்தக் கூட்டணிக்குள் இருந்து வந்தது. 2015 பெப்ரவரி 10 இல் இன அழிப்புத் தீர்மானத்தைச் சபையில் கொண்டுவந்தவரும் அவரே. ஒரு பக்கம் திரும்பினால் மறு பக்கம் கோபம். ஒரே நாக்கால் இரண்டு சபைக்குப் பேசும் சிரமம் அது. அவரை மட்டும் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

நாங்கள் இதில் மூன்றாம் ஆட்கள். 1990 ஒக்டோபரில் வடக்கில் இருந்து புலிகள் வெளியேற்றிய 70,000 இற்கும் மேற்பட்ட முஸ்லிம்களில் எங்கள் குடும்பங்களும் உண்டு. 2013 இல் கூட்டமைப்பு தனக்குக் கிடைத்த போனஸ் ஆசனங்களில் ஒன்றை ஒரு முஸ்லிமுக்குக் கொடுத்தது. அதை நாங்கள் மறக்கவில்லை. ஆனால் ஆசனம் கொடுப்பது வேறு. தன் வாக்காளர் முன்னால் நின்று "அது பிழை" என்று சொல்வது வேறு.

சுமந்திரன் அதைச் சொன்னார். முஸ்லிம்களை வெளியேற்றியது இனச்சுத்திகரிப்பு என்று வெளிப்படையாகவே சொன்னார். 2020 மே மாதம் சிங்கள நேர்காணல் ஒன்றில், ஆயுதப் போராட்டத்தைத் தான் ஏற்கவில்லை என்றார். தமிழர் மத்தியில் எவ்வளவு ஏச்சு! அந்த ஓகஸ்ட்டில் வென்றார், 2024 இல் தோற்றார். தோல்விக்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஆனாலும் இப்படிப் பேசுவதற்கு ஒரு விலை உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் ஆட்களையும் இதே தராசில்தான் வைக்க வேண்டும். 2019 உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு முஸ்லிம் அரசியல்வாதிகளும் சிங்களத் தொலைக்காட்சிகளில் தாங்கள் மிதவாதிகள் என்று நிரூபிக்க வேண்டி வந்தது. அது சரி. ஊருக்கு வந்து, காணிப் பிரச்சினையில் தமிழ் அயலவனுக்கும் நியாயம் இருக்கலாம் என்று எங்களுக்குச் சொன்னவர் எத்தனை பேர்?

அதே 2019 இல், மார்ச் 3 ஆம் திகதி, சிவராத்திரிக்கு முதல் நாள், திருக்கேதீஸ்வர வளைவு பிடுங்கப்பட்டதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். மற்றப் பக்கத்துக்குப் பொறுமை சொல்லப் பலர் இருந்தார்கள். தன் பக்கத்துக்குச் சொன்னவர்கள் கொஞ்சப் பேர். அந்தக் கொஞ்சப் பேரால்தான் ஊர் ஊராக இருக்கிறது.

2013 இல் தெரிவான சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தலுக்கு வேட்பாளர் உங்கள் வாசலுக்கு வரும்போது, கோயிலடியோ பள்ளியடியோ தேவாலயத்தடியோ, ஒன்றை மட்டும் கேளுங்கள்: "எங்கட ஆக்களுக்குப் பிடிக்காத எந்த உண்மையை எங்களிட்டச் சொல்லப் போறீங்கள்?"

பதில் சொல்பவருக்கு எங்கள் வாக்கு.