அடங்காப் பெண்களின் அசல் பள்ளிக்கூடம்

வேவர்லி ரயில் நிலையத்தில் இறங்கித் தெற்கே அரை மணி நேரம் நடந்தால் டால்கீத் ரோடு வந்துவிடும். எடின்பரோவில் நடப்பதென்றால் கையில் குடை அவசியம். அங்கே மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. நான் போன அன்று மூன்று தடவை வந்து, மூன்று தடவை போயிற்று. சாலையின் இடப் பக்கம், ஆர்தர்ஸ் ஸீட் என்ற குன்றின் நிழலில், மாணவர் விடுதிகளுக்கு நடுவே ஒரு பழைய கல் மாளிகை நிற்கிறது. கோபுரமும் கொத்தளமுமாக, ராஜகுமாரியை அடைத்து வைக்க ஏற்ற இடம் போல் இருக்கிறது. ஸெயின்ட் லியோனார்ட்ஸ் என்பது அதன் பெயர். இப்போது எடின்பரோ பல்கலைக் கழகத்துக்குச் சொந்தம்.

இதைப் பார்ப்பதற்கா இவ்வளவு தூரம் என்று கேட்கிறீர்களா? வாசகிகளே, இந்த வீட்டில்தான் உலகத்திலேயே மிகப் பொல்லாத பெண்கள் பள்ளிக்கூடம், அதாவது அதன் பெயருக்கு மூலமான பள்ளிக்கூடம், நடந்தது.

'ஸெயின்ட் டிரினியன்ஸ்' சினிமாக்களை உங்களில் சிலராவது பார்த்திருப்பீர்கள். முதல் படம் 1954-இல் வந்தது. விடுதியில் தங்கிப் படிக்கும் பெண்கள் ரசாயனக் கூடத்தில் கள்ளச் சாராயம் காய்ச்சுகிறார்கள். அதை வெளியே விற்றுத் தர ஓர் ஆசாமி புதருக்குள்ளிருந்து முளைக்கிறான். பந்தயக் குதிரை ஒன்றைக் கொண்டுவந்து படுக்கையறையில் ஒளித்து வைக்கிறார்கள். பள்ளியைச் சோதனை போட வந்த இரண்டு இன்ஸ்பெக்டர்கள் காணாமல் போய், அங்கேயே சுகமாகக் குடித்தனம் நடத்துகிறார்கள்! உளவு பார்க்கப் பெண் போலீஸ் ஒருத்தி விளையாட்டு ஆசிரியை வேஷத்தில் நுழைகிறாள். அந்த வேஷத்தில் ஜாய்ஸ் கிரென்பெல் படும் பாட்டைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து எனக்கு விலா நொந்துவிட்டது.

தலைமை ஆசிரியை மிஸ் பிரிட்டனாக வருபவர் அலஸ்டேர் ஸிம் என்ற ஆண் நடிகர். பாசிமணியும் புரூச்சுமாக மார்பை நிமிர்த்திக்கொண்டு அவர் நடந்து வரும் அழகே அழகு. அவளுடைய சகோதரனாகிய சூதாடியும் அவரேதான். அசல் பள்ளியைப் போல அவரும் எடின்பரோக்காரர். அந்த ஊரில் பேச்சுக் கலை சொல்லிக் கொடுத்து வந்தவர். 1957, 1960, 1966, 1980 ஆகிய ஆண்டுகளில் தொடர்ந்து படங்கள் வந்தன. பிறகு 2007-லும் 2009-லும் புது நடிகர்களுடன் இன்னும் இரண்டு. பின்னால் வந்தவற்றை நான் அவ்வளவாக ரசிக்கவில்லை. முதல் படத்தின் வாண்டுகளுக்கு இருந்த வெகுளித்தனம் அவற்றில் இல்லை.

சரி, அசல் கதைக்கு வருவோம். 1922-இல் மிஸ் பிரேஸர் லீ என்ற அம்மையார் எடின்பரோவில் ஒரு பெண்கள் பள்ளியை ஆரம்பித்தார். பெயர் ஸெயின்ட் டிரினியன்ஸ்தான். ஆங்கில எழுத்துக் கூட்டல் மட்டும் சற்று வேறு. சில ஆண்டுகளில் பள்ளி இந்த மாளிகைக்குக் குடிவந்தது. அம்மையார் பின்பற்றியது டால்ட்டன் முறை. மணியடித்ததும் எல்லோரும் ஒரே பாடத்தைப் படிக்க வேண்டும் என்பதில்லை. இன்ன காலத்துக்குள் இவ்வளவு வேலை என்று கொடுத்துவிடுவார்கள். எதை முதலில் செய்வது, எவ்வளவு வேகமாகச் செய்வது என்பது மாணவியின் பொறுப்பு. பெண் குழந்தையை நம்பிப் பொறுப்பை ஒப்படைப்பது அந்த நாளில் லேசான காரியமா, சொல்லுங்கள்!

பிறகு யுத்தம் வந்தது. பள்ளி கலாஷீல்ஸ் என்ற ஊருக்கு மாறிப் போயிற்று. அந்தச் சமயம் ஸ்காட்லாந்தின் தென் கோடியில் கிர்கூப்ரி என்ற சிற்றூரில் ராணுவ வேலையாக ரொனால்ட் ஸர்ல் என்ற இளைஞர் வந்து தங்கினார். வயது இருபது, சித்திரக்காரர். அங்கே பழக்கமான ஒரு குடும்பத்தின் இரண்டு சிறுமிகள் இந்தப் பள்ளியில் படித்து வந்தார்கள். பள்ளியைப் பற்றி அவர்கள் வாய் ஓயாமல் பேசக் கேட்டு, அவர்களைச் சிரிக்க வைப்பதற்காக ஒரு கேலிச் சித்திரம் போட்டார். 1941-இல் 'லில்லிபுட்' பத்திரிகையில் அது வெளியாயிற்று.

அதற்குள் அவர் சிங்கப்பூருக்குக் கப்பலேறிவிட்டார். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. ஜப்பானியரிடம் சிறைப்பட்டார், சாங்கிச் சிறை, அப்புறம் ஸயாம் - பர்மா ரயில் பாதை. மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு போகப்பட்ட நம் தமிழர்கள் பல்லாயிரம் பேர் மாண்டார்களே, அதே பாதைதான். அங்கேயும் அவர் படம் வரைந்துகொண்டே இருந்தார். அகப்பட்டால் உயிர் போகும். ஆகவே, காலரா கண்டு சாகக் கிடந்தவர்களின் படுக்கைக்கு அடியில் தாள்களை ஒளித்து வைத்தார். காவலர்கள் அங்கே கிட்ட வர மாட்டார்கள் அல்லவா? அந்தப் படங்கள் லண்டன் யுத்த மியூசியத்தில் இருக்கின்றன.

ஊர் திரும்பியதும் மறுபடி ஸெயின்ட் டிரினியன்ஸ் சித்திரங்களைப் போட்டார். குச்சிக் கால்களும் கறுப்புக் காலுறைகளுமாக வாண்டுகள் ஒருத்தியை ஒருத்தி சித்திரவதை செய்யும் படங்களைக் கண்டு இங்கிலாந்தே சிரித்தது. பர்மா ரயில் கதை தெரிந்த பின் அவற்றைப் புரட்டினேன். சிரிப்பு வந்தது, ஆனால் முன்போல் வரவில்லை. அவருக்கும் அலுத்துப் போயிற்று போலும். 1950-களின் துவக்கத்திலேயே அணுகுண்டால் பள்ளியைத் தகர்த்துச் சித்திரத் தொடரை முடித்துவிட்டார். சினிமாக்காரர்கள் விடவில்லை.

மிஸ் லீயின் பள்ளி 1946-இல் மூடப்பட்டது. அம்மையாரின் நிலையை எண்ணிப் பாருங்கள். இருபத்து நாலு வருஷம் பாடுபட்டு வளர்த்த பெயர், கடைசியில் கள்ளச் சாராயத்துக்கும் குதிரைத் திருட்டுக்கும் அடையாளமாகிவிட்டது! கோர்ட்டுக்குப் போகலாமா? போனால் ஊர் இன்னும் சிரிக்கும். 1962-இல் அவர் ஒரு புத்தகம் எழுதினார். அதன் பெயரே 'உண்மையான ஸெயின்ட் டிரினியன்ஸ்'. சினிமாவைப் பார்த்தவர்களில் அதைப் படித்தவர்கள் ஆயிரத்தில் ஒருவர் இருந்தால் அதிகம்.

மாளிகையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தபோது மழை நாலாம் தடவையாகப் பிடித்துக்கொண்டது. வாசலில் ஒதுங்கினேன். விடுதி மாணவி ஒருத்தியும் புத்தகப் பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஓடி வந்து பக்கத்தில் நின்றாள்.

"ஸெயின்ட் டிரினியன்ஸ் இங்கேதான் இருந்தது, தெரியுமா?" என்றேன்.

"அந்தச் சினிமாவா? இங்கேயா எடுத்தார்கள்?" என்று கண்ணை அகல விரித்தாள்.

"சினிமா எடுத்தது இங்கிலாந்தில். பள்ளிக்கூடம் இருந்தது இங்கே. ரொம்ப நல்ல பள்ளிக்கூடம்" என்றேன்.

"நல்ல பள்ளிக்கூடமா?" என்று அவள் கேட்ட குரலில் சற்று ஏமாற்றம் தொனித்தது. மழை விடுவதற்காக அவள் காத்திருக்கவில்லை; பையைத் தூக்கிக்கொண்டு புல்தரையின் குறுக்கே ஓடினாள். 'புல்லில் நடக்காதீர்கள்' என்று கத்த, நல்ல வேளையாக, அங்கே யாரும் இல்லை.