காற்றுக் குகையில் ஒரு பகல்

இத்தாலிக்குப் போய் வந்தேன் என்று தெரிந்ததும் பள்ளிக்கூடத்தில் சக ஆசிரியர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "ரோமாபுரியைப் பார்த்தீரா? வெனிஸில் படகில் போனீரா? பைஸா கோபுரம் இன்னும் சாய்ந்துதானே நிற்கிறது?" என்று கேள்விகள் பறந்தன. இவற்றில் ஒன்றையும் நான் பார்க்கவில்லை. கோமோ ஏரிக் கரையில் உள்ள ஒரு சிற்றூரில், ஒரு தொழிற்சாலைக்குள், காற்று வீசுவதற்கென்றே கட்டிய ஒரு குகையைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். இதைக் கேட்டபோது தலைமை ஆசிரியரின் பார்வையில் கோபம் இல்லை, அனுதாபந்தான் இருந்தது. "ஆரல்வாய்மொழியில் இல்லாத காற்றா, ஸார், அங்கே?" என்றார்.

அவர் வேடிக்கையாகக் கேட்டார். ஆனால் நான் அந்தக் குகையைத் தேடிப் போனதற்கே ஆரல்வாய்மொழிக் காற்றுதான் காரணம் என்பது அவருக்குத் தெரியாது.

பேரிங்கும் ஃபேரிங்கும்

மோட்டார் சைக்கிளின் முன்புறத்தில் விளக்கையும் கைப்பிடியையும் மூடி, ஓட்டுகிறவருடைய மார்புக்கும் முழங்காலுக்கும் மறைவாக மாட்டுகிற கூட்டுக்கு ஆங்கிலத்தில் ஃபேரிங் என்று பெயர். நாம் காற்றுக் கவசம் என்று சொல்லலாம். 1950-களின் பந்தய வண்டிகள் இத்தகைய கவசம் அணிந்து, முன்சக்கரமே வெளியில் தெரியாமல், மீனைப் போல் வழுவழுப்பாக நிற்கும் படம் ஒன்றை நான் ஒரு பழைய புஸ்தகத்தில் பார்த்தேன். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகி ஒரு வருஷந்தான் ஆகியிருந்தது. ஒரு பழைய புல்லட் வண்டியும் கையில் இருந்தது. இளமை, புது மாப்பிள்ளை, புல்லட் இம்மூன்றும் ஒன்று சேர்ந்தால் புத்தி எங்கே நிற்கும்?

சென்னைப் புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி, "ஃபேரிங் இருக்கிறதா?" என்று விசாரித்தேன். எல்லாக் கடைக்காரர்களும் உற்சாகமாக உள்ளே போய், சக்கரத்துக்குப் போடுகிற பேரிங்குகளைக் கொண்டு வந்து காட்டினார்கள். நம் நாவில் இரண்டும் ஒன்றாகத்தான் விழுகின்றன. கடைசியில் ஊருக்கே திரும்பி, கடற்கரையில் ஃபைபர் படகு செய்யும் ஒருவரிடம் படத்தைக் காட்டினேன். அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது வண்டிக்கா சாரே, கடலுக்கா? ஒரு பாய் கட்டினால் ஓடிவிடுமே!" என்றார். அந்த மனிதர் ஹாஸ்யமாகச் சொன்னதில் எத்தனை சாஸ்திர ஞானம் இருந்தது என்பது பிற்பாடுதான் எனக்கு விளங்கிற்று.

கவசத்தை மாட்டிக்கொண்டு ஓட்டிய முதல் நாட்களின் ஆனந்தத்தை மறைக்க மாட்டேன். மார்பில் மோதுகிற காற்று திடீரென்று இல்லாமற்போய்விடும். தூறல் போட்டால் துளிகள் இரு பக்கமும் விலகிப் போகும், முழங்கால் நனையாது. எஞ்சினின் ஓசை கூட்டுக்குள் எதிரொலித்து, கோவிலில் நாதஸ்வரம் கேட்பதுபோல் இருக்கும். சூடும் உள்ளேயே தங்கிக் கால்களை வாட்டும். ஆனால் பெருமை கண்ணை மறைக்கும்போது கால் சுடுவது யாருக்குத் தெரிகிறது?

2006-ஆம் வருஷம் ஜூலை மாதம். என் மனைவியின் தம்பி அப்போது பதினான்கு வயதுப் பையன். அவனைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் புறப்பட்டேன். மேற்குத் தொடர்ச்சி மலை தாழ்ந்து வழிவிடுகிற ஆரல்வாய்மொழிக் கணவாயையும், அதை அடுத்துக் காற்றாலைகள் காடாக நிற்கிற முப்பந்தலையும் நேயர்கள் அறிவார்கள். தென்மேற்குப் பருவக் காற்று அங்கே இடது புறத்திலிருந்து வந்து மோதும். அதற்கு ஈடு கொடுக்க வண்டியை இடது பக்கம் சாய்த்தே ஓட்டினேன். சாலையோரத்தில் ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது. அதன் மறைவுக்குள் நுழைந்ததும் காற்று நின்றது. சாய்ந்திருந்த வண்டி லாரியை நோக்கிப் பாய்ந்தது. கைப்பிடியைத் திருப்புவதற்குள் லாரியைக் கடந்துவிட்டோம். மறுபடியும் காற்று முழுப் பலத்தோடு கவசத்தில் அறைந்தது. சாலையின் குறுக்கே வலது பக்கம் வீசப்பட்டு, அங்கிருந்த முட்புதரில் போய் விழுந்தோம். எதிரில் வண்டி ஒன்றும் வராதது தெய்வச் செயல். பையனுக்கு மணிக்கட்டு முறிந்தது.

ஓடி வந்து எங்களைத் தூக்கியவர் அந்த லாரி டிரைவர். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவரும் அவரே. என் மாமியார் அங்கே அலறியடித்துக்கொண்டு வந்து, "எப்படி நடந்தது?" என்று கேட்டபோது என் வாயிலிருந்து வந்தது ஒரே வார்த்தை: "லாரி." அம்மாள் பக்கத்தில் நின்ற டிரைவரைப் பிடித்துக்கொண்டு வசை மாரி பொழிந்தார். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒன்றும் சொல்லாமல் அவர் போய்விட்டார். கவசம் பரணில் ஏறிற்று.

ஏரிக் கரையில்

பன்னிரண்டு வருஷம் கழிந்து, 2018-ஆம் வருஷம் செப்டம்பரில், மிலான் நகரில் எஞ்சினீயராகிவிட்ட அதே மைத்துனன் என்னை அழைத்தான். "எங்கே போகலாம், அத்தான்?" என்று கேட்டதும், "மாண்டெல்லோ" என்றேன்.

மிலானிலிருந்து லெக்கோ வரையில் ஒரு ரயில். அங்கே மாறினால் ஏரிக் கரையை ஒட்டியே மற்றொன்று. இடது பக்கம் நீலத் தண்ணீர். வலது பக்கம் கிரிஞா மலையின் மொட்டைப் பாறைகள். மலைக்கும் ஏரிக்கும் நடுவில் கிடைத்த சிறிது சமபூமியில் மாண்டெல்லோ தெல் லாரியோ என்னும் ஊர் அமர்ந்திருக்கிறது. இந்த ஏரிக்குக் காலையில் ஒரு காற்று, பிற்பகலில் ஒரு காற்று. விடியலில் வடக்கேயிருந்து வருவதற்குத் தீவானோ என்று பெயர். உச்சிப்பொழுது கழிந்து தெற்கேயிருந்து வருவதற்குப் பிரேவா என்று பெயர். காற்றுக்குப் பெயர் வைத்து அழைக்கிற ஊரில் காற்றை ஆராய்ந்தது பொருத்தந்தானே!

ஸ்டேஷனிலிருந்து சிறிது தூரம் நடந்தால் மோட்டோ குட்ஸி தொழிற்சாலையின் வாயில். முதல் உலக யுத்தத்தில் இத்தாலியக் கடற்படையின் விமானப் பகுதியில் மூன்று நண்பர்கள் இருந்தார்கள். கார்லோ குட்ஸி யந்திரம் அறிந்தவர். ஜோர்ஜோ பரோதியும் ஜொவான்னி ரவெல்லியும் விமானிகள். யுத்தம் முடிந்ததும் மோட்டார் சைக்கிள் செய்வதென்று பேசிக்கொண்டார்கள். ஆனால் 1919-ல் ரவெல்லி விமான விபத்தில் மாண்டார். 1921-ல் மற்ற இருவரும் கம்பெனியைத் தொடங்கியபோது, இறந்த தோழரின் நினைவாகச் சிறகு விரித்த கழுகைச் சின்னமாக வைத்தார்கள். வண்டியின் பெட்ரோல் டாங்கியில் இன்றும் அந்தக் கழுகு இருக்கிறது.

தொழிற்சாலையைச் சேர்ந்த பொருட்காட்சி சாலையில் பழைய வண்டிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. கவசம் எப்படி வளர்ந்தது என்பதை அங்கே கண்ணாலேயே படித்துவிடலாம். முதலில் கவசமே இல்லை. ஓட்டுகிறவர் டாங்கியின் மேல் குப்புறப் படுத்துக் காற்றுக்குத் தப்பினார். பிறகு 1950-களின் தொடக்கத்தில் முன்சக்கரத்துக்கு மேல் நீண்ட மூக்கு ஒன்று முளைத்தது. இத்தாலியர் இதைப் பறவை அலகு என்றார்கள். ஜெர்மனியில் என்.எஸ்.யூ. கம்பெனியார் 1954-ல் தங்கள் பந்தய வண்டிகளுக்கு டால்பின் என்றும், நீலத் திமிங்கிலம் என்றும் பெயரிட்டார்கள். அடுத்த வருஷமே முன்சக்கரத்தையும் சேர்த்து விழுங்கிவிட்ட முழுக் கவசம் எங்கும் பரவியது. இத்தாலியர் அதை மணி என்று அழகாக அழைக்க, ஆங்கிலேயர் குப்பைத்தொட்டி என்று நாமகரணம் செய்தார்கள். நான் புஸ்தகத்தில் பார்த்து மயங்கியது இந்தக் குப்பைத்தொட்டியைத்தான்.

இதற்கெல்லாம் என்ன அவசியம் என்று கேட்கலாம். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. அதை வெல்ல வேண்டிய சக்தியோ எட்டு மடங்காகிறது. ஆகவே எஞ்சினைப் பெரிதாக்கிக் காற்றோடு சண்டை போடுவதைவிட, காற்றுக்கு நடுவே நழுவிப் போவது மேல். குட்ஸியின் நிபுணர் ஜூலியோ சேஸரே கார்கானோ இந்த வழியைப் பிடித்தார். நான்கு சிலிண்டர் வண்டிகளை எதிர்த்து, படுக்கை வாட்டமாக வைத்த ஒரே சிலிண்டர் கொண்ட இலேசான வண்டியை அனுப்பினார். 350 ஸி.ஸி. பிரிவில் 1953 முதல் 1957 வரை ஐந்து வருஷமும் உலகப் பட்டம் குட்ஸிக்கே கிடைத்தது.

அதே கார்கானோ 500 ஸி.ஸி.க்குள் எட்டுச் சிலிண்டர்களை அடக்கி ஓர் அதிசய யந்திரமும் செய்தார். முழுக் கவசத்தோடு அது மணிக்குச் சுமார் 275 கிலோமீட்டர் வேகம் போனதாகச் சொல்லுகிறார்கள். 1957-ல் மான் தீவுப் பந்தயத்தில் ஒரு சிலிண்டர் ஓய்ந்துபோய், மிச்சம் ஏழைக் கொண்டே டிக்கி டேல் நான்காவதாக வந்தார். அந்த வண்டியின் முன்னால் வெகு நேரம் நின்றேன். மெல்லிய தகட்டை வளைத்துச் செய்த அந்தப் பச்சைக் கவசத்தில் கோணல் ஒன்றுகூட இல்லை. என் ஃபைபர் கவசம் நினைவுக்கு வந்தது; சிறிது வெட்கமாகவும் இருந்தது.

குகைக்குள்

பிற்பகலில் குகையைப் பார்த்தோம். 1950-ல் இதைக் கட்டினார்கள். முழு வண்டியையும் அதன்மேல் ஆளையும் ஏற்றிக் காற்றில் சோதிக்கும் வசதி, மோட்டார் சைக்கிள் உலகத்தில் வேறு எந்தக் கம்பெனியிடமும் அப்போது இல்லை. வாய் அகன்ற ஒரு பெரிய சிமெண்டுக் குழாயைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ராட்சத விசிறி காற்றை இழுக்க, நடுவில் அசையாமல் நிற்கிற வண்டியின்மேல் புயல் பாயும். ஓட்டுகிறவர் முழங்கையை ஒடுக்கினால் என்ன லாபம், முதுகைத் தாழ்த்தினால் என்ன லாபம் என்று அளந்து அளந்து கவசத்தைச் செதுக்கினார்கள்.

நான் அந்த வாயின் எதிரில் நின்று பார்த்தேன். காற்று இங்கிருந்து அங்கே, நேர்க்கோட்டில் போகும். நான் பன்னிரண்டு வருஷமாகத் தேடிய விடை அந்த நேர்க்கோட்டில் இருந்தது.

"தம்பி, இந்தக் குகையில் காற்று எதிரிலிருந்துதான் வரும். சாலையில் அப்படி இல்லையே!" என்றேன்.

"ஆமாம், அத்தான். அம்புக்கு இறகைப் பின்னால் கட்டுகிறோம். அதனால்தான் அது நேராகப் போகிறது. முன்சக்கரத்தை மூடிய கவசமோ இறகை முன்னால் கட்டின மாதிரி. பக்கவாட்டுக் காற்று வண்டியின் கனம் இருக்கிற இடத்துக்கும் முன்னாலே போய்த் தள்ளும், மூக்கு திரும்பிவிடும்" என்றான்.

இதே காரணத்தால், பக்கக் காற்றில் இது அபாயம் என்று கண்டு, 1958 முதல் சர்வதேச மோட்டார் சைக்கிள் சம்மேளனம் முழுக் கவசத்தைத் தடை செய்தது. முன்சக்கரம் வெளியே தெரிய வேண்டும் என்பது அன்று முதல் விதி. 1957 முடிவில் குட்ஸியும் வேறு சில இத்தாலியக் கம்பெனிகளும் செலவு தாளாமல் பந்தயத்தையே விட்டு விலகின. ஆனால் கவசம் அழியவில்லை. அளவோடு திரும்பி வந்தது. 1976-ல் பி.எம்.டபிள்யூ. கம்பெனி வெளியிட்ட ஆர்.100 ஆர்.எஸ். என்னும் சவாரி வண்டியின் கவசத்தை உருவாக்கியதும் இத்தாலியில், பினின்ஃபரினாவின் காற்றுக் குகையில்தான். அதில் முன்சக்கரம் திறந்தே இருந்தது.

இவ்வளவும் அறிந்த பிறகு மனத்தில் ஒன்று மட்டும் மிஞ்சியது. "தம்பி, அன்றைக்கு அந்த லாரி நின்றுகொண்டுதான் இருந்தது" என்றேன்.

அவன் தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டான். "எனக்குத் தெரியாதா, அத்தான்? நான்தானே பின்னால் இருந்தேன்!"

"பின்னே ஏன் நீ சொல்லவில்லை?"

"நீங்கள் சொல்லுவீர்கள் என்று இருந்தேன்" என்றான்.

வெளியே வந்தோம். பிரேவாக் காற்று ஏரியில் சிற்றலை எழுப்பிக்கொண்டிருந்தது. ஸ்டேஷன் வரையில் இருவரும் பேசவில்லை.

ஊருக்கு வந்ததும் பரணிலிருந்து கவசத்தை இறக்கினேன். அதே படகுக்காரரிடம் கொண்டுபோய், முன்சக்கரம் முழுவதும் தெரியும்படியாகவும், கைப்பிடிக்கு மேலே சிறிதளவு மட்டும் நிற்கும்படியாகவும் அறுத்துத் தரச் சொன்னேன். மிஞ்சிய துண்டில் அவர் கோழிக்கூட்டுக்குக் கூரை போட்டுக்கொண்டார். அந்தச் சிறு கவசத்தோடு இப்பொழுது ஓட்டுகிறேன். ஆடி மாதத்தில் மட்டும் அதையும் கழற்றி வைத்துவிடுகிறேன்.

மாமியாரிடம் உண்மையைச் சொல்லுவதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு நாள் சாயங்காலம் சொல்லிவிட்டேன். என்னைக் கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். அம்மாள் வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்த மனுஷனுக்கு ஒரு வாய்க் காப்பிகூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டோமே, மாப்பிள்ளை!" என்றார்.