முகத்துவாரத்தை யாருக்குக் கொடுப்பது?

வீடியோ கேம் வடிவமைப்பாளன் என்று சொன்னால் கிள்ளானில் இரண்டு கேள்விகள் வரும். “எந்த கேம்ல நீங்க கில்லாடி அண்ணே?” என்பது தம்பிகள் கேட்பது. “அதுக்கெல்லாம் இபிஎஃப் பிடிக்கிறாங்களாப்பா?” என்பது அத்தைகள் கேட்பது. பிடிக்கிறார்கள், தாராளமாகச் சொல்வேன். முதல் கேள்விக்குத்தான் நாக்கு குழறும். சிசி என்று நாங்கள் சொல்லும் சைபர் கஃபேயில் வார்கிராஃப்ட் 3, ரெட் அலர்ட் 2 என்று பள்ளிக்கூடக் காலத்தைக் கரைத்தவன்தான். ஆனாலும் வியூக ஆட்டங்களில் நான் சுமார் ரகம். அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஓவியப் பெண்ணே மதிய இடைவேளையில் என்னைத் தோற்கடித்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்.

இந்தத் தொழிலில் அது ஒரு குறையே இல்லை என்று உணர எனக்கு ரொம்ப நாளாயிற்று. நன்றாக ஆடுகிறவன் ஜெயிக்கிற வழியைக் கண்டுபிடித்தால் போதும். அந்த ஒரே வழி மற்ற வழிகளையெல்லாம் ஏன் விழுங்கியது என்று பார்ப்பது என் வேலை. அதற்கு எக்செல் தாளும், பிறர் ஆடும்போது வாயை மூடிக்கொண்டு உட்காரும் பொறுமையும் வேண்டும். இரண்டாவதுதான் கஷ்டம்.

இங்கே வாய்ப்பே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2017-இல் வந்த ஸ்டார்கிராஃப்ட் ரீமாஸ்டர்டு, 2020-இல் வந்த கமாண்ட் அண்ட் காங்கர் ரீமாஸ்டர்டு இரண்டின் படங்களையும் புதுப்பித்ததில் கிள்ளான் பள்ளத்தாக்கின் லெமன் ஸ்கை ஸ்டூடியோஸுக்குப் பெரும் பங்கு உண்டு. சிசியில் நாங்கள் வாய் பிளந்து பார்த்த டாங்கிகளை நம் ஊர்க்காரர்களே திரும்ப வரைந்தார்கள். வரைபவருக்கு வேலை வருகிறது. விதிகளோ வெளிநாட்டிலேயே எழுதி முடிக்கப்பட்டு வருகின்றன. குரேச்சி நிறுவனத்தின் ‘கிங்ஸ் லீக்’ போல இங்கேயே விதி எழுதி வெளியான வியூக ஆட்டங்கள் குறைவு. அதனால் என்னைப் போன்றவர்கள் பகலில் அடுத்தவர் ஆட்டத்துக்கு எண்களைச் சரிபார்ப்போம், இரவில் சொந்த ஆட்டத்தை முதலில் கையால் ஆடிப் பார்க்க அட்டை வெட்டுவோம்.

என் அட்டையில் இருப்பது கிள்ளான் போர். ஈயம் மேலே, கோலாலம்பூர்ப் பக்கம். அது ஆற்று வழியாகத்தான் இறங்கும், வரி கீழே கிள்ளானில். ராஜா அப்துல்லா 1857-இல் கட்டிய ஈயக் கிடங்கு இன்றும் ஊரில் நிற்கிறது. அவரிடமிருந்து 1867-இல் ராஜா மஹாடி கிள்ளானைப் பிடித்தார். 1870-இல் தெங்கு கூடின் மஹாடியிடமிருந்து பறித்தார். 1872-இல் கோலாலம்பூர் விழுந்தது. அடுத்த ஆண்டே பஹாங் படையின் துணையோடு அது கூடினுக்குத் திரும்பக் கிடைத்தது. வியூக ஆட்டத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆட்டத்தில் மட்டும் கிள்ளான் முகத்துவாரத்தைப் பிடித்தவரே ஜெயித்துக்கொண்டிருந்தார். பிரிக்ஃபீல்ட்ஸில் நண்பனின் வாடகை அறையில் யார் ஆடினாலும் இதே முடிவு. கிள்ளான்காரரின் படையைக் குறைத்துவிடு என்றான் நண்பன். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆடு புலி ஆட்டத்தில் 3 புலி, 15 ஆடு. புலியின் பல்லைப் பிடுங்கியா சமன் செய்தார்கள்? புலி வெட்டும், ஆடு அடைக்கும். ஜெயிக்கும் விதமே இரண்டுக்கும் வேறு. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இல் 2022-இல் திராவிடர்கள் வந்தார்கள், ராஜேந்திர சோழனுக்கென்று ஒரு தொடரும் வந்தது. “நம்ம ராஜாவுக்கு நைட் குதிரைப்படை இல்லையா?” என்று எங்கள் பையன்கள் கொதித்தார்கள். அதற்குப் பதிலாகக் கைகொடுப்பது காலாட்படையும் கப்பலும். எனக்கு அது பிடித்திருந்தது.

சிக்கலைப் பிடித்தவர் என் மாமா. போர்ட் கிள்ளானில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கம்ப்யூட்டர் பக்கமே போகமாட்டார், அட்டை என்றதும் உட்கார்ந்தார். கோலாலம்பூர்ப் பக்கம் அவருக்கு. ஈயத்துக்கு நான் வைத்திருந்த 10 சென் காசுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். ஒன்றைக்கூட ஆற்றில் இறக்கவில்லை. “இறக்குங்க மாமா” என்று தொண்டை வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். சுற்று முடிந்ததும் எதிரே இருந்த நண்பன் வழக்கம்போல வரிப் பணத்தை எடுக்கப் போனான்.

மாமா அவன் கையைத் தடுத்தார். “நான்தான் ஒண்ணுமே இறக்கலையே, உனக்கு ஏதுடா வரி?” பிறகு என் பக்கம் திரும்பி, “கப்பல் வரலன்னா போர்ட்ல ஈ ஓட்டிக்கிட்டுதான் உக்காந்திருப்போம். உன் போர்ட்டுக்கு மட்டும் எப்படிக் காசு வருது?”

சுற்றுக்கு இவ்வளவு என்று வரியை நிரந்தர வருமானமாகத் தாளில் போட்டிருந்தேன். அதை எடுத்தேன். இறங்கும் ஈயத்துக்கு மட்டும் வரி; மேலே போகும் அரிசி முகத்துவாரம் வழியாக மட்டும். இப்போது ஒருவர் குடுமி இன்னொருவர் கையில். படை எண்ணிக்கையைத் தொடவே இல்லை.

உடனே அடுத்த தலைவலி. இரண்டு பக்கமும் அசையாமல் முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்கள். சரித்திரத்தில் இரு தரப்புக்கும் நீரிணைக் குடியேற்ற வணிகர்கள் கடன் கொடுத்தார்கள். அவர்களை உள்ளே கொண்டுவந்தேன், வட்டி ஏற ஏற யாராவது ஒருவர் அசைந்துதானே ஆக வேண்டும்! எவ்வளவு வட்டி என்பதில்தான் வேலை நிற்கிறது. சுற்றுக்கு 8 விழுக்காடு வைத்தால் பாதியிலேயே திவால். 5 வைத்தால் மாமா தூங்கிவிடுகிறார்.