ஊரைப் படம்பிடித்து அனுப்பியவர்

பலெர்மோவில் இரவு கப்பலேறினால் விடிய நேப்பிள்ஸ். பேசாப்படக் காலத்தில் அங்கே படமெடுத்தவர் எல்விரா நோட்டாரி, இத்தாலியின் முதல் பெண் இயக்குநர். அவருடைய ‘டோரா பிலிம்’ ஒரு குடும்பக் கொம்பனி: கணவர் நிக்கோலா கமெரா, மகன் எடுவார்டோ நடிகர்.

சுமார் 60 முழுநீளப் படங்கள். தெருவில் இறங்கி, சாதாரண சனத்தையும் நடிக்க வைத்து எடுத்தார். எழுத்து அட்டைகளிலும் நேப்பிள்ஸ் பேச்சு கலந்திருக்கும். நியூயோர்க்கில் குடியேறிய இத்தாலியர் தாங்கள் விட்டுவந்த தெருவை அந்தப் படங்களில் கண்டார்கள். சிலர் காசு கொடுத்துத் தங்கட ஊரையே படம்பிடிப்பித்தார்கள். நாங்கள் வாட்ஸ்அப்பில் ஊர்த் திருவிழா கேட்கிற மாதிரித்தான்!

பாசிச ஆட்சிக்கு ஊர்ப்பேச்சும் ஏழைகளின் நேப்பிள்ஸும் பிடிக்கவில்லை. 1930இல் கொம்பனி நின்றது. இன்று முழுநீளப் படங்களில் மிஞ்சியவை மூன்றுதான்.

என்ர மகள் பல்லரோச் சந்தையில் சிசிலியன் கதைப்பாள். அம்மம்மாவோட போனில் யாழ்ப்பாணத் தமிழ். இரண்டுமே பள்ளிக்கூடத்துப் பாடத்தில் இல்லை. ஒரே பிரதியை நம்பக்கூடாது என்பது மென்பொருள்காரருக்குப் பாலபாடம். அம்மம்மாவின்ர குரலைப் பதிஞ்சு, இரண்டு இடத்தில வையுங்கோ.