செவ்வாயிற் கடல் வரைவோம்

செவ்வாய்க் கிரகத்தை மனிதர் வாழும் உலகாக மாற்றும் கற்பனையைக் கிம் ஸ்ரான்லி றொபின்சன் 1992 முதல் 1996 வரை மூன்று நாவல்களாக வெளியிட்டார். அவ்வுலகைத் தேசப்படமாக வரைய விரும்புவோர்க்கு, 1997இல் அங்குச் சென்றடைந்த மார்ஸ் குளோபல் சேர்வேயர் விண்கலம் லேசர்க் கதிரால் அளந்த உயரங்கள் துணைநிற்கின்றன.

பூச்சிய உயரக் கோட்டைக் கரையாகக் கொண்டு நாமும் நீலந் தீட்டிக் கலமேறுவோம். தாழ்ந்த வடபுலம் பெருஞ் சமுத்திரமாகும். தெற்கே, 2,000 கிலோமீற்றருக்கு மேல் அகன்ற ஹெல்லாஸ் பள்ளம் வட்டக் கடலாகும். ஒலிம்பஸ் எரிமலையோ 21 கிலோமீற்றருக்கு மேல் நிமிர்ந்து நிற்கும்.

ஆயின், மண்ணில் உயிர்க்குறி தேடி 1976இல் வைக்கிங் 1 இறங்கிய கிறைசிச் சமவெளி வடகடலின் அடியில் அமிழ்ந்துவிடும். அத்தேடலோ இன்னும் முற்றுப்பெறவில்லை. ஆதலின், மாணவர்காள், நீலந் தீட்டுமுன் அவ்விடத்தை ஒரு புள்ளியாலேனும் குறித்து வைத்தல் நன்று.