சம்பளம் கேட்கும் முன் டிராயிங்கைக் கேளுங்கள்

தீபாவளி போனஸ் கைக்கு வந்த கையோடு கோவை லேத் பட்டறைகளில் ஆள் மாறத் தொடங்கிவிடும். கணபதியில் இருந்தவன் ஆவாரம்பாளையம் போவான். ஆவாரம்பாளையத்துக்காரன் அரசூரில் போய் நிற்பான். குறிச்சி சிட்கோவில் காலியான மெஷினுக்குச் சுந்தராபுரத்துப் பையன் வருவான். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்துப் பொரி தின்ற மெஷினை விட்டு ஒரே மாதத்தில் கிளம்புகிறானே என்று முதலாளிகள் புலம்புவார்கள். கிளம்புகிறவனைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: அங்கே ரெண்டாயிரம் சேர்த்துத் தருகிறார்கள்.

ரெண்டாயிரம் சின்னத் தொகை அல்ல. வாடகை, பெட்ரோல், பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு எல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் ஐடிஐ முடித்துவிட்டு வந்த நாள்முதல் இந்தத் தொழிலிலேயே இருந்து, நானும் சில இடம் மாறிய பிறகு, என்னிடம் கேட்கிற பையன்களுக்கு நான் சொல்வது வேறு. போகிற இடத்தில் முதலில் டிராயிங்கைக் காட்டச் சொல்லுங்கள். அதில் அளவுக்குப் பக்கத்தில் எவ்வளவு விட்டம் கூடலாம், குறையலாம் என்று போட்டிருக்கும். அந்தச் சின்ன எண்தான் அங்கே நீங்கள் எதுவரை வளரலாம் என்பதைச் சொல்லும். முதலாளி நல்லவராக இருக்கலாம், மெஷின் புதிதாக இருக்கலாம். வாடிக்கையாளர் கேட்காத துல்லியத்தை எந்தப் பட்டறையும் சொல்லித் தராது. சொல்லித்தர அங்கே ஆளும் இருக்காது, அளக்கக் கருவியும் இருக்காது.

உதாரணத்துக்கு, உழவுக் கருவிக்குப் போகிற ஒரு பின். 0.2 மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் கேள்வியில்லை. வெர்னியரை வைத்துப் பார்த்துவிட்டு டப்பாவில் போட வேண்டியதுதான். வேகம் வரும், கை பழகும், ஒரு ஷிப்டுக்கு எத்தனை என்ற கணக்கு வரும். அதே 25 மில்லிமீட்டர் விட்டத்தில் பம்பு மோட்டாரின் ஷாஃப்ட் வருகிறது என்று வையுங்கள். பேரிங் உட்காரும் இடத்துக்கு கே6 என்று போட்டிருப்பார்கள். 25.002-க்குக் கீழே போகக்கூடாது, 25.015-க்கு மேலே ஏறக்கூடாது. உங்களுக்குக் கிடைக்கிற இடம் மொத்தம் 13 மைக்ரான்; ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்த இடத்தில் வெர்னியர் செல்லாது. மைக்ரோமீட்டர் வேண்டும், அதைத் திருகுகிற விரலுக்கு ஒரே அழுத்தம் வேண்டும். டூல் முனை தேய்வதை முன்கூட்டியே ஊகித்து ஆஃப்செட் கொடுக்கத் தெரிய வேண்டும். டெயில்ஸ்டாக் எவ்வளவு இறுக்கினால் ஷாஃப்ட் வளையும் என்பதும் தெரிய வேண்டும். பின் கடைகிறவனும் ஷாஃப்ட் கடைகிறவனும் ஒரே லேத்தில்தான் நிற்கிறார்கள். ஐந்து ஆண்டு கழித்து இருவரும் ஒரே ஆளாக இருக்க மாட்டார்கள்.

இதன் அடுத்த படி டூல் ரூம். அங்கே போனபோதுதான் வெயிலும் ஓர் அளவுதான் என்று எனக்கு உறைத்தது. உலகம் முழுக்க டிராயிங்கில் இருக்கிற அளவெல்லாம் 20 டிகிரி செல்சியஸில் உள்ள அளவு. சித்திரை மாதம் மத்தியானம் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் 35 டிகிரிக்குக் குறையாது. 100 மில்லிமீட்டர் எஃகு ஒரு டிகிரிக்கு ஒரு மைக்ரானுக்குச் சற்று மேலே நீளும். 15 டிகிரிக்கு ஏறத்தாழ 17 மைக்ரான். அலுமினியம் என்றால் இதைப்போல இரண்டு மடங்கு. அங்கிருந்த ஃபோர்மேன் அண்ணன் நான் கடைந்து முடித்த பீஸைத் தொட்டுப் பார்த்தார்.

"தம்பி, பீஸ் சூடா இருக்குதுங்க. கீழ வெச்சுட்டு டீ குடிச்சுட்டு வந்து அளங்க."

"இப்பவே அளவு சரியாத்தான் காட்டுதுங்கண்ணா."

"அதுக்குத்தான் சொல்றனுங்க. இப்பச் சரியா இருந்தா, ஆறுனதுக்கப்புறம் கம்மியாயிருமுங்க."

சின்னப் பையனிடமும் 'ங்க' போட்டுப் பேசுகிற ஊர் இது. அந்த மரியாதைக்குள்ளேயே வேலையில் துளி இரக்கமும் இருக்காது. ஆறின பிறகு அளந்தேன். அவர் சொன்னதுதான் நடந்திருந்தது. முந்தைய இடங்களில் யாருமே இதைச் சொன்னதில்லை. தெரியாமல் அல்ல, அங்கே அது தேவைப்படவில்லை.

இப்படிப் பட்டறைக்குப் பட்டறை மாறிக் கற்றுக்கொள்வது இந்த ஊரில் புது வழக்கம் அல்ல. 1888-இல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1932-இல் பைக்காரா மின்சாரம் கோவைக்கு இறங்கியதும் மில்கள் வரிசையாகக் கிளம்பின, கிணறுகளுக்குப் பம்பு செட் வேண்டும் என்று விவசாயிகள் கேட்கத் தொடங்கினார்கள். மில் மெஷின் பழுது பார்த்தவர்கள் உதிரிபாகம் வார்த்தார்கள். உதிரிபாகம் வார்த்தவர்கள் பம்பு வார்த்தார்கள். ஃபவுண்டரி, பேட்டர்ன் கடை, லேத், கிரைண்டிங், பெயின்ட் எல்லாம் சைக்கிள் தூரத்துக்குள்ளே இருந்ததால் ஆளோடு சேர்ந்து கைவேலையும் தெருவுக்குத் தெரு நடந்து போனது. விலகிப் போன ஒவ்வொருவனாலும் ஏதோ ஒரு பட்டறை நஷ்டப்பட்டிருக்கும். ஊர் நஷ்டப்பட்டதாகத் தெரியவில்லை.

வேலை மாறியவர்களிலே எனக்குப் பிடித்தவர் ஜி.டி. நாயுடு. 1893-இல் கலங்கலில் பிறந்தவர். விஞ்ஞானி, அதிசய மனிதர் என்றெல்லாம் அவரைப் பற்றிப் பேசுகிறார்கள். அவர் செய்த வேலைகளின் வரிசையைத்தான் யாரும் கவனிப்பதில்லை. ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்துவிட்டு, அதுபோல ஒன்றை வாங்கக் கோவையில் ஒரு ஓட்டலில் சப்ளையராகச் சேர்ந்தார். முந்நூறு ரூபாய் சேர்த்து வாங்கிய வண்டியைப் பிரித்துப் பிரித்துப் பூட்டினார். மெக்கானிக் ஆனார். பஞ்சு வியாபாரத்துக்குப் போனார், பம்பாய் வரை போய்ப் பணத்தை இழந்தார். திரும்பி வந்து, ஸ்டேன்ஸ் மில் முதலாளி ஸ்டேன்ஸிடம் வேலைக்குச் சேர்ந்தார். அந்தத் தொடர்பில் கிடைத்த ஒற்றைப் பேருந்தை 1920-இல் பழனிக்கும் பொள்ளாச்சிக்கும் இடையே ஓட்டினார். அதுதான் பின்னாளில் யு.எம்.எஸ். பேருந்து நிறுவனம். 1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின் மோட்டார் செய்தார்.

இதில் ஓட்டல் வேலையை நான் பெரிதாக நினைக்கிறேன். அதில் அவருக்குக் கற்க எதுவும் இல்லை; அது பணத்துக்கான வேலை, எதற்கான பணம் என்று தெரிந்து செய்த வேலை. வண்டி வந்ததும் அது முடிந்தது. ஸ்டேன்ஸிடம் போனதோ கற்பதற்கு. இந்த இரண்டு வகை வேலையையும் குழப்பிக்கொள்வதுதான் இன்றைய பையன்களின் சிக்கல். கடனை அடைக்கச் சேர்ந்த இடத்தில் வளர்ச்சி இல்லையே என்று நொந்துகொள்கிறார்கள். கற்றுக்கொள்ளச் சேர்ந்த இடத்தை ரெண்டாயிரத்துக்காக விட்டுவிடுகிறார்கள்.

நாயுடுவோடு எனக்கு ஒத்துப்போகாத இடமும் உண்டு. 1945-இல் அவர் முன்னின்று தொடங்கிய ஆர்தர் ஹோப் கல்லூரிதான் இன்றைய தடாகம் ரோடு அரசு தொழில்நுட்பக் கல்லூரி. பொறியியலுக்கு நான்கு ஆண்டு எதற்கு, பாதியில் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்பது அவர் வாதம். புத்தகத்துக்கு அது சரியாக இருக்கலாம். கைக்கு அப்படி இல்லை. ஹை ஸ்பீட் ஸ்டீல் டூல் பிட்டைக் கிரைண்டிங் வீலில் கையால் பிடித்துக் கோணம் எடுக்கக் கற்பதைச் சுருக்க எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. கார்பைட் இன்சர்ட் வந்த பிறகு அது எதற்கு என்கிறார்கள். இன்சர்ட் ஏன் சிப்பை உடைக்கவில்லை, ஏன் சத்தம் போடுகிறது என்ற கேள்வி வரும்போது, கையால் கோணம் எடுத்தவன் முனையைப் பார்ப்பான், மற்றவன் விற்பனையாளருக்குப் போன் போடுவான். அதனால் முதல் இடத்தில் மட்டும் அவசரப்பட வேண்டாம் என்பேன். கல்லூரியையும் பட்டறையையும் ஒரே வளாகத்தில் வைத்து, படிக்கிறவனை உற்பத்தி வேலையில் நிறுத்துகிற முறை பீளமேட்டில் பி.எஸ்.ஜி. டெக்கில் இருக்கிறது. அங்கே சாண்ட்விச் கோர்ஸ் படித்தவர்களோடு வேலை செய்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

கொங்கு நாட்டில் வேலை மாற்றம் என்றால் கடைசி மாற்றம் முதலாளி ஆவதுதான் என்று ஒரு நினைப்பு உண்டு. பழைய லேத் ஒன்றை வாங்கி வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு ஜாப் ஒர்க் எடுத்தால்தான் மனிதன் என்று மாமனார் வீட்டில் கூடச் சொல்வார்கள். திருப்பூர் பனியன் தொழிலில் கூலியாக வந்தவர்கள் முதலாளி ஆன கதையை ஷரத் சாரி ஆராய்ந்து 2004-இல் 'ஃபிரட்டர்னல் கேப்பிட்டல்' என்ற நூலாக எழுதினார். அவர்கள் எல்லாவற்றுக்கும் காரணமாகச் சொன்னது உழைப்பு. உழைப்போடு சொந்தமும் சாதியும் தந்த கடனும் ஆர்டரும் சேர்ந்திருந்தன. அந்தச் சொந்தம் இல்லாத பையனிடம் போய், நீயும் துணிந்து இறங்கு என்று மேடையில் பேசுவது எனக்குப் பிடிக்காது. தவிர, கை நன்றாக வந்தவன் முதலாளி ஆனதும் மெஷினை விட்டுப் பில் வசூலுக்கு அலைவதைப் பார்த்திருக்கிறேன். நல்ல டர்னராகவே ஓய்வு பெறுவதும் வளர்ச்சிதான்.

இடம் மாறும்போது செய்யும் ஒரு காரியத்தையும் சொல்லிவிட வேண்டும். பி.எஃப். பணத்தை எடுத்துவிடாதீர்கள். 2014 முதல் யு.ஏ.என். என்ற ஒரே எண் இருக்கிறது. பழைய கணக்கைப் புதிய இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். ஓய்வூதியத்துக்குப் பத்து ஆண்டு சேவை வேண்டும். ஒவ்வொரு முறையும் மொத்தத்தையும் எடுத்துவிட்டால் அந்தக் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். கல்யாணத்துக்கு முதலாளியிடம் வாங்கிய அட்வான்ஸ் பாக்கி இருந்தால் அதைத் தீர்த்துவிட்டு, முறையாக நோட்டீஸ் கொடுத்துப் போங்கள். எங்கே போனாலும் அதே அவினாசி ரோட்டில்தான் எதிரில் வருவீர்கள்.

பட்டறை முதலாளிகளுக்கும் ஒரு விண்ணப்பம். போகிற பையனுக்கு அனுபவச் சான்றிதழ் கொடுக்கும்போது பெயரையும் தேதியையும் மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடாதீர்கள். எந்த மெஷினில் நின்றான், என்ன உலோகம் கடைந்தான், எத்தனை மைக்ரானுக்குள் வேலை கொடுத்தான் என்று மூன்று வரி சேர்த்து எழுதுங்கள். அடுத்த பட்டறையில் அவன் தரை கூட்டுகிற வேலையிலிருந்து மறுபடி தொடங்காமல் இருக்க அந்த மூன்று வரி போதும்.