பேத்தியின் மட்டை

டென்னிஸ் மட்டை வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது பிடியைத்தான். மட்டையைப் பிடித்தால், மோதிர விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே மறு கையின் ஆள்காட்டி விரல் நுழைய வேண்டும். இரண்டு அளவுகளுக்கு நடுவே தடுமாறினால் சிறியதே நல்லது. மேலே டேப் சுற்றிப் பருமனாக்கலாம், பெரியதை இளைக்க வைக்க முடியாது.

பதின்மூன்று வயதுப் பேத்திக்காகப் போன வாரம் கடைக்குப் போனோம். "எட்டாயிரத்துக்குள்ள முடிச்சிருங்கப்பா" என்று மகன் சொல்லியிருந்தான். கடைப் பையனோ சாம்பியன்கள் ஆடும் மாடல் என்று 18,000 ரூபாய் மட்டையை நீட்டினான். கனம் 300 கிராமுக்கு மேல். எதிர்வீட்டுப் பையன் அப்படி ஒன்றைச் சுழற்றித்தான் முழங்கை வலி வந்து ஆட்டத்தையே விட்டான். (நாங்கள் ஆடிய மர மட்டை 400 கிராமை நெருங்கும், தலையோ 65 சதுர அங்குலம்தான். அது வேறு ஆட்டம்.)

270 கிராம், 100 சதுர அங்குலத் தலை, முழு கிராஃபைட், பழைய மாடல் என்பதால் தள்ளுபடியில் 7,200 ரூபாய். அலுமினியம் இன்னும் மலிவு, ஆனால் அதிர்வு கைக்கு ஏறும். மிச்சப் பணத்தில் பாலியஸ்டர் நரம்பைத் தவிர்த்து மிருதுவானதாக, 50 பவுண்டு இழுவையில் போடச் சொன்னேன்.

நிறம் பிடிக்கவில்லை என்று பேத்திக்கு முகம் தொங்கிவிட்டது. மறுநாள் ஒரு மணி நேரம் சுவரில் அடித்துவிட்டு வந்தாள். "கை வலிக்கலை தாத்தா" என்றாள்.